ஒரு செட் மாத்திரையும் ரமாபாயின் வயிறும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறைத்துவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வரக் கூடாது. இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. காலடிப்பேட்டையில் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்று, அடுத்தவர் கையை எட்டிப் பார்த்து எடுத்தேன்.

மாலை ஐந்தரை மணி. இருமல் மருந்து வாங்கப் போயிருந்தேன். கம்பெனி வேன் ஒன்று வந்து நின்று, இருபது பெண்கள் இறங்கிக் கடையை மொய்த்துவிட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவளுக்கு நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். ரவிக்கை அவளுக்குத் தைத்ததுதான், ஆனால் இப்போதைய அவளுக்கு இல்லை. தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. அவள் கைப்பேசியின் உறையைக் கழற்றி, உள்ளே நாலாக மடித்து வைத்திருந்த ஒரு சீட்டை எடுத்தாள். உதடு அசைய வரிவரியாகப் படித்தாள். மறுபடி மடித்து உள்ளேயே வைத்தாள். பிறகு, “கை வலிக்கு ஒரு செட்டு குடு பாப்பா,” என்றாள். வாங்கிக்கொண்டு வேனில் ஏறிப் போய்விட்டாள்.

நடந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

ஆனால் நீங்களே சொல்லுங்கள். கடைக்கு வந்த பிறகும் எடுத்துப் படிக்கிற அளவுக்கு முக்கியமான சீட்டை, காட்ட வேண்டிய ஆளுக்கு நேர் எதிரில் நின்றுகொண்டு ஒருத்தி ஏன் காட்டாமல் போகிறாள்? நான் இருமல் மருந்து வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். என் லட்சணம் இதிலிருந்தே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

2

முதல் தொடக்கம்: “கடலிலிருந்து உப்புக் காற்று வீசிக்கொண்டிருந்த அந்த மாலையில் ரமாபாய்…”

வேண்டாம். திருவொற்றியூர்ப் பக்கம் நடக்கிற எந்தக் கதையை எடுத்தாலும் உப்புக் காற்று வீசியே தீரும். காற்றுக்கே அலுத்துப் போயிருக்கும்.

இரண்டாவது: “நூற்றுப் பன்னிரண்டு கிலோ எடை இருந்த ரமாபாய்…”

சே. ஒருத்தியை வாசகருக்கு அறிமுகம் செய்யும்போதே தராசில் ஏற்றிவிடுவதா? அவள் என்ன இறால் பெட்டியா?

மூன்றாவது: “ரமாபாய் அந்தப் பொய்யைச் சொல்லி எட்டு மாதம் ஆகிவிட்டது.”

இது இருக்கட்டும். இதில் ஏறிப் போகலாம்.

ரமாபாய் என்பது நான் வைத்த பெயர். எம்.கே.பி. நகரில் குடியிருப்பு. கணவன் பீம்ராவ் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவள் வேலை பார்ப்பது திருவொற்றியூரில் ஓர் இறால் உரிக்கும் ஷெட்டில். காலை ஏழு மணிக்கு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. உடம்பில் சர்க்கரை. தூங்கும்போது மூச்சு நின்று நின்று வரும். பீம்ராவ் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணுவானாம். கடைசியில் டாக்டர், எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்றார். பீம்ராவின் கம்பெனி இன்சூரன்ஸில் நடந்தது.*

ஷெட்டில் அவள் சொன்னது வேறு: “பித்தப்பைல கல்லு. எடுத்துட்டாங்கோ.” மாதா மாதம் உடம்பு இளைத்ததற்குக் காரணம் கேட்டபோது, “காத்தால நடக்கறேன், ராத்திரிக்குக் கஞ்சி,” என்றாள். அதுதான் அந்தப் பொய்.

(*இரைப்பையில் மேல் பக்கம் ஒரு முட்டை கொள்ளும் அளவுக்கு மட்டும் விட்டு, குடலை எடுத்து வந்து அதோடு சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். சாப்பாடு நீண்ட வழியை விட்டுவிட்டுக் குறுக்கு வழியில் போகும். இந்த அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். அதனால்தான் அடுத்த பகுதியில் நான் மறுபடி கடைக்குப் போகிறேன்.)

3

கவுன்டரில் நின்ற பெண்ணுக்கு இந்தக் கதையில் தஸ்னீம் என்று பெயர். மருந்தாளுநர் படிப்பு முடித்தவள், வண்ணாரப்பேட்டையிலிருந்து வருகிறாள். மத்தியானம் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போனேன்.

“எடை குறைக்கிற ஆபரேஷன் பண்ணவங்களுக்கு வலின்னா என்ன மாத்திரைம்மா குடுப்பீங்க?”

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள். “உங்களுக்கா ஆன்ட்டி?”

ஆன்ட்டி! சரி, போகட்டும். “எனக்கில்லம்மா. ஒரு கதைக்கு.”

“கதைக்கு மாத்திரயா? அல்லாவே,” என்று சிரித்தாள். பிறகு, தெரிந்த விஷயத்தைக் கேட்க ஒரு ஆள் வந்த சந்தோஷத்தில் முழங்கையைக் கண்ணாடி மேசைமேல் ஊன்றிக்கொண்டாள். “வலி மாத்திரைல முக்காவாசி டைக்ளோ, அசிக்ளோ, ஐபுபுரூஃபென், இந்தக் கூட்டந்தான். நல்லா கீற வயித்துக்கே அது எரியும். அவங்களுக்குத் தச்ச எடம் ஒண்ணு கீதே, அங்க புண்ணு வெச்சிடும். ரத்தம் கசியும். ஓட்டயே வியுந்தவங்க கீறாங்க.”

“அப்போ பாராசிட்டமால்?”

“தனி பாராசிட்டமாலுன்னா டாக்டரு சொன்ன அளவுக்குப் போடலாம். ஆனா செட்டுல அது தனியா வராது ஆன்ட்டி, தோஸ்தோட கூட்டா வரும். ஒரே மாத்திரைல ரெண்டு மருந்து.”

“கூடவே கேஸ் மாத்திரையும் வெச்சுத்தானே தர்றீங்க?”

“அந்தக் கேஸ் மாத்திரய நம்பித்தான் வடசென்னயே கெடக்குது!” என்றாள். “அத்த போட்டுகினா இத்த போடலாம்னு எவன் கெளப்பி வுட்டானோ. அப்பால, மெதுவாக் கரையற மாத்திரன்னு ஒண்ணு கீது. இவங்க குடலோட வழி கொறஞ்சி பூடுது, முழுசாக் கரையறதுக்குள்ள வெளிய பூடும். செல பேரு அத்த ரெண்டா ஒடச்சித் துன்னுவாங்கோ. அது அதவிட பேஜாரு, மொத்த மருந்தும் ஒரேடியா எறங்கிடும். சக்கர மாத்திர, பிரஷர் மாத்திர அளவுகூட மாறும். எல்லாம் டாக்டரு கையில.”

எனக்குப் புல்லரித்தது. ஒரு மாத்திரை உள்ளே போய் எந்த வழியாகப் போகிறது, எங்கே கரைகிறது என்று இத்தனை வயதில் ஒரு நாளும் யோசித்ததில்லை. தண்ணீரைக் குடித்தோமா, போனோமா என்றுதான் இருந்திருக்கிறேன்.

“சரி, நீங்க ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுக்கக் கூடாதா?”

தஸ்னீம் சிரிப்பை நிறுத்தினாள். “கேக்காம குடுக்கறது எங்க தப்புந்தான். ஆனா செட்டு கேக்கறவங்க வலியத்தான் சொல்வாங்கோ ஆன்ட்டி. உடம்ப சொல்ல மாட்டாங்கோ.”

இந்த வாக்கியத்தை அப்படியே திருடிக்கொண்டேன். அவளிடம் சொல்லிவிட்டுத்தான்.

4

செட் என்றால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று நாலு மாத்திரை. வலிக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று. அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்திரித்து, சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். கத்திரிக்கிற இடத்தில் பெயர் பாதி போய்விடும். ரோஸ் கலர், மஞ்சள் கலர், வெள்ளையில் நீட்டு. நிறம்தான் பெயர்.

ஷெட்டில் செட் என்பது தனி ஆள் சொத்து கிடையாது. மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒருத்தி கவரைப் பிரித்தால், வலிக்கிறவள் எல்லாம் கையை நீட்டலாம். நீட்டாதவள் கையைப் பிடித்து வைத்துவிடுவார்கள்.

“இன்னாமே, கைய உதறிகினே கீற?” என்றாள் பச்சையம்மா. ரமாபாயின் அடுத்த பிளாக், அடுத்த மேசை, வேனில் அடுத்த சீட்டு. பதினாலு வருஷப் பழக்கம். “இந்தா, வெள்ள உனக்கு, ரோஸு எனக்கு.”

“எனக்கு வோணாம் பச்ச. கல்லு எடுத்ததுக்கு அப்பறம் வலி மாத்திர போடக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிகீறாரு.”

“யாரு அந்த டாக்டரு? என் தங்கச்சிக்கும்தான் கல்லு எடுத்தாங்கோ. பத்தே நாள்ல மாத்திர போட்டுகினு காசிமேட்டுல மீன் கூடய தூக்கினா. நா குடுத்தா துன்ன மாட்டியா?”

பொய்யில் இதுதான் சிக்கல். அதற்கும் அனுபவசாலி ஒருத்தர் பக்கத்து வீட்டிலேயே இருப்பார்.

முதல் சில மாதங்கள் ரமாபாய் மாத்திரையை வாயில் போடுகிற மாதிரி போட்டு உள்ளங்கையில் மறைத்தாள். ஒரு நாள் அது ஈரக் கையிலேயே கரைந்து, பச்சையம்மா பார்த்துவிட்டாள். “என் கையால வாங்கித் துன்னா அவ்ளோ கலீஜா?” என்று கேட்டு ரெண்டு நாள் பேசவில்லை. அந்த ரெண்டு நாளை ரமாபாயால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் காட்டிய பாராசிட்டமால் வெள்ளையாக, நீட்டாக இருந்தது. செட்டில் வருவதும் வெள்ளை, நீட்டு. ஆகவே வெள்ளையை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டால் தோழியும் மிஞ்சுவாள், வயிறும் மிஞ்சும். கணக்கு சரியாகத்தான் தெரிந்தது.

[இங்கே பச்சையம்மாவைக் கெட்டவளாக்கிப் பார்த்தேன். அவள் மடங்கவில்லை. போன வாரம் ரமாபாயின் விரல் மடக்க முடியாமல் போனபோது, டீக்கடையில் வெந்நீர் வாங்கி உப்புப் போட்டு, தன் மடியில் அந்தக் கைகளை வைத்து ஒவ்வொரு விரலாக நீவிவிட்டாள். இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?]

அப்படியானால் உண்மையைச் சொல்லித் தொலைக்கலாமே என்று பீம்ராவும் கேட்டான்.

“சொன்னா இன்னா ஆவப்போவுது? ஒரு நா பேசுவாங்கோ.”

“உனக்குத் தெரியாதுய்யா,” என்றாள் ரமாபாய்.

அவனுக்குத் தெரியாதது இதுதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எதிர் பிளாக்கில் ஒரு பெண் இதே ஆபரேஷன் செய்துகொண்டு வந்தாள். அன்றைக்கு வேனில் பச்சையம்மா, “வாயக் கட்ட முடியாம வயித்தக் கட்டிகினு வந்துட்டா,” என்றாள். வேனே அதிர்ந்தது. அந்தப் பெண் வீடு மாறிப் போகும்வரை அதுவே அவளுக்குப் பட்டப்பெயர். வேனில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது ரமாபாய்தான். தன் மேல் விழ வேண்டிய பார்வை அன்று வேறொருத்தி மேல் விழுந்ததில் அவளுக்கு அத்தனை நிம்மதி.

5

பிறகு ஒரு வியாழக்கிழமை பச்சையம்மா முழு அட்டையோடு வந்தாள். “அந்தப் பொண்ணுக்குக் கத்திரி ஆப்டல. முழுசாவே குடுத்துட்டுச்சி.”

ரமாபாய் வெள்ளையை வாங்கிக்கொண்டு அட்டையையும் வாங்கிப் பார்த்தாள். சும்மாதான் பார்த்தாள். பின்பக்கம் பொடிப் பொடியாக இங்கிலீஷ். பத்தாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டினாள். ரெண்டு பெயர் இருந்தது. ரெண்டாவது பாராசிட்டமால். முதலாவது, கைப்பேசி உறைக்குள் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டில் மூன்றாவது வரி. தலைப்பில் ‘கூடவே கூடாது’ என்று கோடு போட்டு எழுதியிருந்த பட்டியலின் மூன்றாவது வரி.

ரெண்டு வாரத்தில் எத்தனை போட்டோம்? நாலு. இல்லை, திங்கட்கிழமையும் போட்டோம். அஞ்சு. நெஞ்சுக்குக் கீழே ஒரு வாரமாக எரிந்ததை ஷெட் டீயின் தலையில் போட்டிருந்தாள். கழிவறைப் பக்கம் போய், சீட்டின் அடியில் இருந்த நம்பரைக் கூப்பிட்டாள்.

“கறுப்பா வெளிக்கிப் போச்சாம்மா? வாந்தில ரத்தம்?” என்றாள் நர்ஸ்.

“இல்லீங்க. எரியுது, அவ்ளோதான்.”

“இதோட நிறுத்துங்க. காலைல மொத வேலையா வந்து டாக்டரப் பாருங்க. நடுவுல கறுப்பாப் போனா, வயித்துல குத்தற மாதிரி வலிச்சா, நேரம் பாக்காம கெளம்பி வந்துடணும். இனிமே எந்தக் கடையில எந்த மாத்திரை வாங்கினாலும் ஆபரேஷனைச் சொல்லித்தான் வாங்கணும். நீங்க சொல்லலைன்னா அவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

(என் கதை சுகாதாரத் துறை நோட்டீஸாக மாறிக்கொண்டிருக்கிறது என்ற பயம் இந்த இடத்தில் எனக்கு வந்தது. ஆனால் நர்ஸ் சொன்னதில் எதை வெட்டுவது? யோசித்துப் பார்த்தேன். ஒன்றையும் வெட்டத் துணிச்சல் இல்லை.)

சாயங்காலம் வேன் காலடிப்பேட்டையில் நின்றது. விரல்கள் பருத்துப் போயிருந்த ரமாபாயின் கையைப் பார்த்துப் பச்சையம்மா பதறினாள். “ஐயோ, இன்னாமே கை இப்டி கீது? எறங்கு. இன்னிக்கி உனக்குத் தனி செட்டு. ஆரு கண்ணுலயும் காட்டாத, நீயே துன்னு.”

6

இங்கேதான் பத்து நாளாக நிற்கிறேன். முடிவுகள் இல்லாமல் இல்லை. இதோ பாருங்கள்.

(அ) அவள் வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். மூன்றாம் நாள் கறுப்பாகப் போகிறது. ஆம்புலன்ஸ், பாலத்தில் கன்டெய்னர் லாரி நெரிசல், பீம்ராவ் இறங்கி லாரிக்காரர்களிடம் கையெடுத்துக் கும்பிட… மூன்று பக்கம் எழுதினேன். எழுதும்போது நானே அழுதேன். மறுநாள் படித்தபோது கோபம்தான் வந்தது. கேலிக்குப் பயந்த பெண்ணை எழுத்தாளரும் சேர்ந்து அடிப்பதா? கிழித்துப் போட்டுவிட்டேன். நான் கடையில் பார்த்த பெண் நிஜமாகவே வாங்கிக்கொண்டுதான் போனாள் என்பது எனக்கு மறக்கவில்லை. மறக்காததால்தான் கிழித்தேன்.

(ஆ) அவள் வியாசர்பாடியில் வேறொரு கடைக்குத் தனியாகப் போய், நிதானமாகச் சீட்டைக் காட்டி, தனி பாராசிட்டமால் வாங்கிக்கொள்கிறாள். கெட்டிக்கார வாசகர்கள் இதை முன்னமே நினைத்திருப்பீர்கள். நல்ல முடிவு. ஒரே தொல்லை, மறுநாள் மத்தியானம். கவரைப் பிரித்துக்கொண்டு பச்சையம்மா வந்து எதிரில் உட்காருவாள். ஆபத்து கடையில் மட்டும் இருந்தால் கடையை மாற்றலாம். அது பிரியமாக நீட்டுகிற கையிலும் இருக்கிறதே.

(இ) தஸ்னீமே கண்டுபிடிக்கிறாள். தொளதொள ரவிக்கை, கைப்பேசி உறை, சீட்டு, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, “அக்கா, ஆபரேஷன் எதுனா பண்ணிகீறீங்களா?” என்று காதோடு கேட்கிறாள். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நேரில் போய்ப் படித்துக் காட்டினேன்.

“சோக்கா கீது ஆன்ட்டி,” என்றாள் தஸ்னீம். “ஆனா வேன் வந்து நின்னா நா மூஞ்சியே பாக்க மாட்டேன். நீட்டற கையத்தான் பாப்பேன்.”

போச்சு, அதுவும் போச்சு. இருமல் மருந்தையாவது அன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

(ஈ) [அவள் எல்லார் முன்னாலும் உரக்கச் சொல்கிறாள், வேன் பெண்கள் ஓடி வந்து கட்டிக்கொள்… இல்லை. இப்படி யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள். வேன் போய்விடும்.]

7

ஆகவே மிஞ்சியது ஒன்றுதான். அவள் சொல்ல வேண்டும். பச்சையம்மா காதில் விழும்படி சொல்ல வேண்டும். அது எப்படி முடியும் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் உங்களையும் வரிசையில் நிறுத்துகிறேன்.

கவுன்டரில் ரமாபாய். அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பின்னால் பச்சையம்மா. அதற்குப் பின்னால் நீங்கள். தைலமோ, குழந்தைக்கு டயப்பரோ, எதற்கோ வந்திருக்கிறீர்கள். வண்டியைத் தெருவில் குறுக்கே நிறுத்திவிட்டு வந்த அவசரம் வேறு.

“கை வலி செட்டுதானேக்கா?” தஸ்னீமின் கை டப்பாவுக்குப் போய்விட்டது.

“இரு பாப்பா,” என்றாள் ரமாபாய்.

“இன்னாத்த இரு? வேன்காரன் ஆரன் அடிச்சிகினே கீறான்,” என்றாள் பச்சையம்மா.

“இரு பச்ச, நீயும் கேளு.” ரமாபாய் தஸ்னீம் பக்கம் திரும்பினாள். “பாப்பா, எனக்கு எல்லா மாத்திரையும் ஆவாது. எட்டு மாசத்துக்கு மின்னாடி எனக்கு… கல்லு இல்ல… எனக்கு…”

நின்றுவிட்டாள். நான் நிறுத்தவில்லை, சத்தியமாக. தோளில் இருந்த பச்சையம்மாவின் கை அசையவில்லை. எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. தஸ்னீம் முதல் முறையாகக் கையை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்கிறாள். ரமாபாய் திரும்புகிறாள். பதினாலு வருஷம் பழகிய முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. அதைத் தாண்டி, பின்னால் நிற்கிற தெரியாத முகத்தைத்தான் பார்க்கிறாள். இதைக் கேட்டால் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று அந்த முகத்தில்தான் தேடுகிறாள்.

அது உங்கள் முகம்.

மீதி நாலைந்து வார்த்தைதான். அதை நானும் சொல்லித் தர மாட்டேன், நீங்களும் எடுத்துக் கொடுக்காதீர்கள். வண்டியைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். சிரிக்க வேண்டாம், ஐயோ பாவம் என்றும் பார்க்க வேண்டாம். ஓர் அடி பின்னால் தள்ளி நில்லுங்கள். அவள் பேசட்டும்.